சாமி அறையில் இருந்த பல் சக்கரம்

எங்கள் பக்கத்தில் தெருவில் யார் அலறினாலும் முதலில் வானத்தைத்தான் பார்ப்போம். சிவகாசி இருக்கும் திசையில் புகை எழும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் என்ன ஏது என்று கேட்போம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போகிற ஊரில் அது தானாக வந்துவிடுகிற பழக்கம். அன்று காலையிலும் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ரோட்டுப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. செம்பைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "மாரியாத்தா, காப்பாத்திட்டே" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் டீக்கடைக்காரர் மனைவி மூச்சு வாங்க வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யக்கா, ஒங்க கொளுந்தனாரு கடையில விளுந்து கெடக்காரு. கூப்புட்டா பேச்சு வரல. வாங்கக்கா, சீக்கிரம் வாங்க!"

விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். அவர் தலை என் மடியில் இருந்தது. அங்கே போய்ச் சேரும்போதே நெஞ்சு நின்று நேரமாகிவிட்டது என்றார்கள். ஆட்டோவில் நான் சொல்லாத சாமி பேர் இல்லை. ஆனால் அதற்கு நடுவிலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. என் சாமி அறையில், சிவப்புத் துணியில் சுற்றி, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் ஓர் இரும்புச் சக்கரம் இருக்கிறதே, அதைக் கேட்டு இனி யார் வருவார்கள், வந்தால் நான் என்ன சொல்வேன்? அழுகிற நேரத்தில் இப்படி நினைப்பு வருமா என்று கேட்பீர்கள். வந்தது. அது ஏன் வந்தது என்று சொல்லாமல் வேலுச்சாமியைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆமத்தூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து அவரவர் ஆசைக்கு ஏற்றபடி வேறு வண்டியாகக் கட்டித் தருவாரே, அவர்தான். "செயின் வேலு" என்று கேட்டால் எந்தச் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் எத்தனையோ ஜாதகம் பார்த்தேன், ஒன்றுக்கும் பிடி கொடுக்கவில்லை. மூன்று வேளையும் என் வீட்டில்தான் சாப்பாடு. கிரீஸ் போகக் கை கழுவுகிறேன் என்று சொல்லி என் பாத்திரம் துலக்குகிற சோப்பையெல்லாம் கறுப்பாக்கி வைப்பார். நான் ஏசுவேன். "சொல்லுங்க தாயே" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஏச்சு தீர்ந்ததும், "குளம்பு நல்லாருந்துச்சு மதினி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருக்குச் செயின் என்று பேர் வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் கால். பல வருடத்துக்கு முந்தின கதை. இவர் அப்போது வண்டியில் பால்கேன் கட்டிக்கொண்டு போவார். செயின் தேய்ந்துபோனது என்று யாரோ ஒரு மெக்கானிக்கிடம் புதுச் செயின் மட்டும் போட்டார். செயின் ஓடுகிற பல் சக்கரங்கள் முன்னால் சின்னதாக ஒன்று, பின்னால் பெரிதாக ஒன்று இருக்கும். அது இரண்டும் பழசு. "நல்லாத்தான இருக்கு, எதுக்கு வீண் செலவு" என்று அதை அப்படியே விட்டுவிட்டார். ஒரு நாள் வேகமாகப் போகும்போது செயின் பல்லை விட்டுத் தாண்டி, சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டி, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. பாலோடு பாலாக ரோட்டில் கிடந்தார். அன்றிலிருந்து வலது முட்டி மடங்காது.

தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவர் கையில் அந்தச் செயின் இருந்தது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, செயினை விரலால் வருடிக்கொண்டே சொன்னார். "அண்ணே, இது புதுசு, அது பழசு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுருக்கு. வெளிய தெரியவே தெரியாது."

என் வீட்டுக்காரர் வலியோடு வலியாக, "ஏலே, என் கால் போச்சேன்னு அளுவான்னு பாத்தா, செயினுக்கு எளவு சொல்ல வந்திருக்கான் பாரு" என்றார். வார்டே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தன் கடையில் செயினை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வந்தவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்று, இல்லாவிட்டால் வேறு கடை பார்.

இந்த வருடம் ஆடியில் ஹரீஷ் என்கிற பையன் வந்தான். எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம். பையனுடைய அம்மா ராஜேஸ்வரி அக்காவை எனக்குக் கோயிலில் வைத்துப் பழக்கம். பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கும்போது எனக்கு முன்னால் நடப்பார். கையில் தங்கம் இருந்தாலும் காலில் செருப்பு இருக்காது, அவ்வளவு பக்தி. பையனுக்கு அப்பா எடுத்த பழைய வண்டி ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் கார் டயர் மாதிரி அகலமான டயர் போட்டு, தாழ்வாக, நீளமாகக் கட்டித் தரவேண்டும் என்றான். ஆயுத பூசை அன்று கம்பெனி வாசலில் மாலை போட்டு நிறுத்த வேண்டும், அங்கிருந்து ஏறி ஓட்டிப் போக வேண்டும். அதுதான் அவன் ஆசை.

தம்பி ஆர்டரை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் நான் பூக்கட்டிப் பார்த்தேன். எனக்கு அது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. சோறு போடும்போது சொன்னேன்.

"என்ன மதினி, நீங்க வண்டிய வேணாம்னு கேட்டீகளா, கலரு வேணாம்னு கேட்டீகளா? அவன் வண்டிக்குச் செவப்புப் பெயிண்டுதான் அடிக்கச் சொல்லிருக்கான். ஆத்தா அதச் சொல்லிருப்பா."

"வெளையாடாத தம்பி. எனக்கு வயித்தக் கலக்குது."

"சுக்குத்தண்ணி போட்டுக் குடிங்க."

அந்த வண்டியில் அவருக்குப் பெரிய வேலை செயின்தான். டயர் அகலமானதால் செயின் அதில் உரசும். உரசாமல் இருக்க முன் பல் சக்கரத்தையும் பின் பல் சக்கரத்தையும் ஒரே அளவில் வெளியே தள்ள வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடினாலும் செயின் கோணலாக ஓடும். கடையில் விற்கிற சக்கரம் இதற்கு உதவாது. சிவகாசியில் அச்சு மிஷின்களுக்குப் பல் சக்கரம் கடைகிற லேத் பட்டறை ஒன்றில் போய் இரண்டையும் புதிதாகச் செய்து வாங்கினார். காலண்டர் சீசன் வேலை தலைக்கு மேல் இருக்கும்போது அந்த லேத்காரர் இவருக்காகச் செய்து கொடுத்தார். அந்தச் சின்னச் சக்கரத்தைக் கொண்டுவந்து என் அரிவாள்மனை பக்கத்தில் வைத்து, "எப்படி இருக்கு மதினி, மூக்குத்தி மாதிரி இல்ல?" என்று கேட்டார். அந்தப் பல்லின் கனத்துக்கு ஏற்ற செயினுக்கு வெளியூரில் சொல்லி வைத்திருந்தார். வர நாளாகும் என்றார்கள்.

அதற்குள் பையன் போனில் வீடியோ பார்த்துத் தானே ஒரு செயின் வரவழைத்துவிட்டான். தங்க நிறம். பளபளவென்று மின்னும். தம்பி சொல்லி வைத்திருந்தது ஐநூற்று இருபதாம் நம்பர் செயின். அவன் வாங்கியது ஐநூற்று முப்பது. நம்பர் பெரிதாக இருந்தால் பலம் கூடுதல் என்று நினைத்துவிட்டான். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா அதைப் பார்த்தார். தங்கம் மாதிரி இருக்கிறதே, பிள்ளை ஏறப்போகிற வண்டி ஆயிற்றே என்று நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துப் பூசை பண்ணிவிட்டார். பொருந்துமா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே குங்குமம் வைத்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் காலடியில் வைத்து எடுத்த பொருளை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

மஞ்சள் துணிப்பையில் அதைக் கொண்டு அவர்கள் கடைக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன், தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். தம்பி செயினை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சக்கரத்தில் மாட்டினார். அழகாகப் போய் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா அண்ணே, கரெக்டா உக்காந்துருச்சு!" என்றான் பையன்.

"உக்காந்துட்டா பொருந்திருச்சுன்னு அர்த்தம் இல்ல தம்பி. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் தூரம் ரெண்டு செயின்லயும் ஒண்ணுதான், அதான் உக்காருது. அகலம் வேற. உள்ள பல்லு ஒல்லியா நிக்குது, செயின் அதுக்கு மேல தொளதொளன்னு கெடக்கு. பத்தாம் நம்பர் செருப்ப மாட்டிக்கிட்டு ஓடு பாப்போம். நடக்கலாம். ஓடுனா?"

"கொஞ்ச நாளைக்குத்தான அண்ணே. பூசைக்கு மட்டும் ஓட்டிட்டு மாத்திக்கிடலாம்ல."

"கொஞ்ச நாளைக்குத்தான்னு சொன்னவரு வீட்டுல கால நீட்டி உக்காந்திருக்காரு. போய்க் கேட்டுட்டு வா."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "வேலு, நீங்க தொளில் தெரிஞ்சவுக, இல்லங்கல. ஆனா அம்மன் காலடியில வச்சத வேணாங்கிறீக. அது சரியாப் படல எனக்கு."

"அம்மன வேணாங்கலக்கா. செயினத்தான் வேணாங்கிறேன்."

அக்கா பையை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பையன் மட்டும் வண்டி சீட்டைத் தடவிக்கொண்டே நின்றான். ஆசை கண்ணில் தெரிந்தது. தம்பிக்குக் கொட்டகையைப் பூட்டிப் பழக்கமில்லை, எல்லாருக்கும் தெரியும். அவன் பார்த்த பார்வையை நான் கவனித்த மாதிரி தம்பியும் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் விளக்கேற்றுகிற நேரம். சிவகாசிப் பக்கம் இடியில்லாமல் மின்னல் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது. மின்னல் தெரிந்தால் கம்பெனிகளில் வேலையை நிறுத்தி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் அன்று வேன்கள் சீக்கிரமே திரும்பிக்கொண்டிருந்தன. தம்பி வந்தார். கையில் அந்தச் சின்னச் சக்கரம், என்னுடைய பழைய சிவப்பு ரவிக்கைத் துணியில் சுற்றி இருந்தது.

"மதினி, இத ஒங்க சாமி ரூம்புல வையுங்க. இது இல்லாம அந்த வண்டி நகராது. இது மாதிரி வேற எங்கயும் கெடைக்காது. செயினக் களட்டி அவுககிட்டயே குடுத்துட்டேன். நாஞ் சொல்லிருக்குற செயின் வர்ற வரைக்கும் யாரு கேட்டாலும் குடுத்துராதீக. நான் இல்லாத நேரத்துல அவன் வந்து வண்டிய எடுத்துருவான்."

"நீ எங்க போற?"

"எங்க போகப்போறேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அப்போது கரண்ட் போய்விட்டது. மின்னல் வெளிச்சத்தில் அவர் ஒரு கையால் நெஞ்சைத் தேய்ப்பதைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மதினி, ரெண்டு நாளா ஒரு பல்லு தாண்டுது" என்று சிரித்தார். டாக்டரிடம் போகச் சொன்னேன். செயின் வந்ததும் போகிறேன் என்றார். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார். அந்த வாரம்தான் அவர் கடையில் விழுந்த அந்தக் காலை வந்தது.

கருமாதி முடிந்து, வீடு கழுவி, சாமி அறையில் மறுபடி விளக்கேற்றிய பிறகு ராஜேஸ்வரி அக்கா பையனோடு வந்தார். ஆயுத பூசைக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. கட்டிப் பிடித்து அழுதார். பொய் அழுகை இல்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பேச்சியம்மா, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. சாவு விளுந்த எடத்துல எம்பிள்ளை வண்டி நிக்குது. இப்பத்தான் அந்தச் செயினு கட்டாயம் வேணும். அது காப்பு மாதிரி. விருதுநகர் மெக்கானிக்கு ஒருத்தர வரச்சொல்லிருக்கோம். அவரு பாத்துட்டு முன் பல் சக்கரத்தக் காணோம்னாரு."

"எங்கிட்டத்தான் இருக்குக்கா."

"அப்பக் குடுங்க."

நான் அசையவில்லை. என் வீட்டுக்காரர் கால் நீட்டிய கட்டிலிலிருந்து, "ஏ புள்ள, யோசிச்சுச் செய்யி" என்றார். எதை யோசிக்கச் சொன்னார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் சாமி கும்புடுறவுக, நானும் கும்புடுறவ. நமக்குள்ள எதுக்கு வாக்குவாதம்? பூக்கட்டிப் பாப்போம். ஆத்தா வெள்ளை குடுத்தா செயினப் போடுவோம், செவப்புக் குடுத்தா நான் பேசாமப் போயிருறேன்."

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், உப்பு வாங்குவதற்குக்கூடப் பூக்கட்டிப் பார்க்கிறவள் நான். கையில் பூவும் இருந்தது. வெள்ளை வந்துவிட்டால்? அம்மனே சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பேன்? அந்தப் பையன் கம்பெனி ரோட்டில், லோடு ஏற்றிய வேன்களுக்கு நடுவில், அந்தச் செயினோடு போவான். அன்று என் வீட்டுக்காரருக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டது ஒரு பால்கேன் வண்டி. அதன் பின்னால் வந்தது மாட்டு வண்டி. இவன் பின்னால் என்ன வரும்?

"வேணாங்கா" என்றேன். "இது ஆத்தாகிட்டக் கேக்குற காரியமில்ல. கேட்டா அவ தலையில போட்ட மாதிரி ஆயிரும். செயினக் கொண்டாந்திருக்கீகளா?"

மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். நான் சாமி அறைக்குப் போய்ச் சிவப்புத் துணியை அவிழ்த்தேன். அம்மன் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சக்கரத்தின் மேல் செயினை மாட்டினேன். உட்கார்ந்தது.

"ஒக்காருதுல்ல ஆன்ட்டி!" என்றான் ஹரீஷ். "நீங்களே மெக்கானிக் ஆயிட்டீங்க."

"சும்மா இருலே" என்று அதட்டினார் என் வீட்டுக்காரர்.

"அக்கா, கை வச்சுப் பாருங்க. இப்படிப் பிடிச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுங்க."

அக்கா தயங்கினார். குங்குமம் ஒட்டியிருந்த செயின். பிறகு வளையல் சத்தம் கேட்க இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். டக், டக் என்று செயின் பல்லின் மேல் நகர்ந்தது. இன்னொரு தரம் ஆட்டினார். மூன்றாம் தரம் ஆட்டும்போது ஒரு கண்ணி பல்லின் ஓரத்தில் ஏறி அப்படியே நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலில் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். பையனைப் பார்த்தார்.

"ஓட்டும்போதும் இப்படித்தான் ஆடுமா?"

"நிறுத்தி வச்சாலே இந்த ஆட்டம் ஆடுதேக்கா."

செயினைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "காலடியில வச்சதாச்சே. இத நான் எங்க கொண்டு போடுவேன்?"

"எங்கிட்டக் குடுங்க. அவ காலடியிலயே கெடக்கட்டும்."

ஆயுத பூசைக்கு அந்த வண்டி போகவில்லை. பையன் என்னோடு பேசவில்லை. அது கழிந்து ஒரு நாள் பார்சல்காரர் வாசலில் நின்று, "வேலுச்சாமி இருக்காரா?" என்று கேட்டார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கறுப்புச் செயின். மினுக்கம் எதுவும் இல்லை. அந்த விருதுநகர் மெக்கானிக்கிடம் செயினையும் சக்கரத்தையும் கொடுத்து, அவர் மாட்டும்வரை பக்கத்தில் நின்றேன். நானே கை வைத்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அப்போதுதான் தம்பி போனதற்கு நான் முழுசாக அழுதேன். மெக்கானிக் பயந்துபோய், "என்னம்மா, எதாவது தப்பா மாட்டிட்டனா?" என்றார்.

தம்பியை நினைத்து நான் வைத்திருப்பது இரண்டு. ஒன்று அந்தத் தங்க நிறச் செயின். அம்மன் படத்துக்குக் கீழே சுருண்டு கிடக்கிறது. விளக்கு வெளிச்சம் படும்போது அசைகிற மாதிரி தெரியும். வேறு யார் கையிலும் அது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் வைத்திருக்கிறேன். இன்னொன்று அவர் காது. அவருடையது என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கு இதற்கு முன் அது இருந்ததில்லை. தினமும் காலையில் ஹரீஷ் எங்கள் ரோடு வழியாகத்தான் கம்பெனிக்குப் போகிறான். வாசல் தெளிக்கிற செம்போடு நிற்பேன். வண்டி கடக்கும்போது என்ஜின் சத்தத்துக்குக் கீழே அந்தச் செயின் சத்தம் ஒரே இழையாகப் போகிறதா, இடையில் எங்கேயாவது டக் என்று விட்டுப் போகிறதா என்று கேட்பேன். வளைவு தாண்டிச் சத்தம் மறைகிறவரை நிற்பேன். பிறகு வானத்தைப் பார்ப்பேன். புகை இல்லையென்றால் மீதித் தண்ணீரைத் தெளிப்பேன்.